டர்போ போடுங்க தம்பி, ஆனா முதல்ல பிரேக்கைப் பாருங்க



வழக்கமா இந்தப் பக்கத்துல நாங்க உபயம், அன்னதானம், திருவிழா வேலைகள் பத்தித்தான் எழுதுவோம். இன்னைக்குக் காடி பத்தி எழுதுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். வீட்டுல வயசுப் பையன் இருந்தா, அவன் பழைய காடியைப் பிரிச்சுப் போட்டு வச்சிருந்தா, பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

போன சில வெள்ளிக்கிழமையா பூசைக்கு வர்ற பெரியவங்க சிலர் எங்ககிட்ட ஒரே குறையைச் சொல்றாங்க. "கோயில் பசங்க ஓட்டுற காடிங்க ஏன் இப்படிச் சத்தம் போடுது? தொண்டர் சட்டையைப் போட்டுக்கிட்டு ரேஸ் காடி ஓட்டலாமா?" வாட்சப் குழுவுலயும் இது பெரிய பேச்சாப் போச்சு. ஒரு பக்கம், "இந்தப் பசங்களைத் தொண்டுல இருந்தே நிப்பாட்டுங்க"ன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம், "அவங்க சொந்தக் காசு, சொந்தக் காடி, நமக்கென்ன"ன்னு சொல்றாங்க.

ரெண்டுமே சரியில்லன்னு எங்களுக்குப் படுது. அந்தப் பசங்க செய்யுற வேலை என்னன்னு தெரியாமலே திட்டுறோம், இல்ல தெரியாமலே விட்டுடுறோம். எங்கள்ல ரெண்டு பேர் வருஷக்கணக்கா பட்டறையில வேலை பார்த்தவங்க. மத்தவங்க இந்தப் பசங்களோட வீட்டு வாசல்ல உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்தவங்க. அதனால எங்களுக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதுறோம்.

என்ன காடி, ஏன் பழைய காடி?

நம்ம தொண்டர் பசங்கள்ல பாதிப் பேர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகள்லயும் பூக்கடைகள்லயும் வேலை செய்யுறவங்க. வீடு செந்தூல், கோம்பாக், பூச்சோங், கிள்ளான், காப்பார்னு சுத்துவட்டாரத்துல. புதுக் காடின்னா ஒன்பது வருஷக் கடன். வீட்டுலயோ அப்பா ஓட்டின வீராவோ, அக்கா வேலைக்குப் போன கஞ்சிலோ கடன் முடிஞ்சு சும்மா நிக்குது. அதைச் சரிபண்ணி ஓட்டலாம்னு ஒரு பையன் நினைச்சா அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

புரோட்டோன் வீரா 1993-ல வந்தது. அதோட அடிப்படை மிட்சுபிஷி லான்சர். அதே உடம்புல ஜப்பான்ல டர்போ வச்ச லான்சரும் ஓடுச்சு. 1.8 லிட்டர் 4ஜி93 டர்போ எஞ்சின் வச்ச ஜிஎஸ்ஆர் 195 குதிரைத்திறன். 2 லிட்டர் 4ஜி63 டர்போ எஞ்சின் வச்ச எவலூஷன் 1992-ல 250 குதிரைத்திறன்ல ஆரம்பிச்சு, 1995-ல மூணாவது தலைமுறை வரும்போது 270-ஐத் தொட்டுடுச்சு. நம்ம வீட்டு 1.5 வீராவுக்கு இருக்குற பலம் 90-ஐ ஒட்டித்தான். அண்ணன் தம்பி மாதிரி ஒரே உடம்பு, பலம் மட்டும் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. அதனாலதான் அண்ணனோட சாமானைத் தம்பிக்குப் போட முடியுது.

கஞ்சில் கதையும் இதேதான். 1994-ல பெரோடுவா முதல்ல கொண்டுவந்த அந்தக் குட்டிக் காடி, டைஹாட்சு மீராவோட உறவு. ஜப்பான் மீராவுல 660 சிசி டர்போ எஞ்சின் 64 குதிரைத்திறன் கொடுக்கும். நம்ம 660 கஞ்சில்ல அதுல பாதிதான். அதனால பசங்க மீரா எஞ்சினைத் தேடிப் போறாங்க.

ஹாஃப்கட்டுன்னா என்ன?

பெரியவங்க நிறைய பேருக்கு இந்த வார்த்தையே பயமா இருக்கு. திருட்டுக் காடியை வெட்டி விக்கிறாங்கன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல.

ஜப்பான்ல புதுக் காடிக்கு மூணு வருஷம் கழிச்சு கட்டாயப் பரிசோதனை, அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. செலவு அதிகம். 13 வருஷம் தாண்டின பெட்ரோல் காடிக்கு வரியும் கூடும். அதனால நல்லா ஓடுற காடியையே அங்க சீக்கிரம் கழிச்சு விட்டுடுறாங்க. முழுக் காடியா இங்க கொண்டுவர அனுமதிப் பத்திரமும் தீர்வையும் வேணும். அதனால முன்பக்கப் பாதியை மட்டும் வெட்டி, உதிரிப்பாகமா கொள்கலன்ல ஏத்தி அனுப்புறாங்க. எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சக்கரத்து அச்சு, பிரேக், ரேடியேட்டர், டேஷ்போர்டு, வயரிங், எஞ்சினோட கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாம் ஒண்ணா வரும். அதுதான் ஹாஃப்கட்.

இந்தத் தொழிலுக்கும் சோதனை வந்துச்சு. 2009-ல அரசாங்கம் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காடியை ஒப்படைச்சா புது உள்நாட்டுக் காடி வாங்க 5,000 வெள்ளி கழிவு கொடுத்துச்சு. அதே வருஷம் வந்த தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு, பயன்படுத்தின உதிரிப்பாக இறக்குமதியை 2011 ஜூன்ல இருந்து நிறுத்தப் போறதா சொல்லுச்சு. அப்போ சாதாரண ஜனங்க கேட்ட கேள்வி: புதுச் சாமான் வாங்க முடியாதவன் காடியை என்ன பண்ணுவான்? இன்னைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குல ஹாஃப்கட் கடைங்க இருக்கு, சாமான் வருது. பழைய காடியை நம்பிப் பொழைக்கிற குடும்பங்க அந்தளவுக்கு இருக்கு.

அதனால, ஒரு செத்த காடியோட உறுப்பை வச்சு இன்னொரு காடியை உயிரோட வைக்கிறது கெட்ட காரியம் இல்ல. கேள்வி, எதை எந்த வரிசையில செய்யுறோம்ங்கிறதுதான்.

டர்போ எப்படி வேலை செய்யுது?

அம்மாமார்களுக்கும் புரியுற மாதிரி சொல்றோம். எஞ்சின் எரிச்ச புகை வெளியே போற வேகத்துல ஒரு சின்ன விசிறி சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு விசிறி. அது வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து நிறைய போனா பெட்ரோலும் நிறைய சேர்த்து எரிக்கலாம். அதனால பலம் கூடும். அவ்வளவுதான்.

ஆனா அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதைத் தாங்குறது வெறும் எண்ணெய்ப் படலம். எண்ணெய் அழுக்கா இருந்தா, குழாய் அடைச்சுக்கிட்டா, டர்போ முடிஞ்சது. அமுக்கின காத்து சூடாகும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். சூடு கூடிப்போச்சுன்னா பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும். கோலிகுண்டு தகர டப்பாவுல உருளுற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். அதைக் கேட்டும் மிதிச்சா பிஸ்டன் உடையும். அதனாலதான் பிறக்கும்போதே டர்போவா பிறந்த எஞ்சினுக்குள்ள அழுத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுச் செய்வாங்க. சாதா எஞ்சின் மேல டர்போவை மட்டும் வாங்கி மாட்டுறதைவிட, முழு டர்போ எஞ்சினை மாத்துறதுதான் நல்லதுன்னு எங்க போமேன் அண்ணன்ங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

வரிசை ஒண்ணு: பத்திரம்

2024 தீபாவளி முடிஞ்ச வாரம் ஒரு அம்மா எங்களைத் தேடி வந்தாங்க. கணவர் தவறிப்போய் ஒரு வருஷம். அவர் ஓட்டின வீரா வாசல்ல நிக்குது. மகன் நம்ம தொண்டர்தான், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வேலைல முதல் ஆளா நிப்பான்.

"தம்பி, எம்மவன் அவங்கப்பா காடியைப் பிரிச்சுப் போட்டுட்டான். லோரியில பாதிக் காடி ஒண்ணு வந்து இறங்கியிருக்கு. அவங்கப்பா ஞாபகமா இருக்குறது அது ஒண்ணுதான். இவன் அதை ஓட்டி எங்கயாச்சும் போய் மோதிட்டா எனக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிடுமே"ன்னு அழுதாங்க.

நாங்க போய்ப் பார்த்தோம். பையன் வேலைல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. எடுத்த ஒவ்வொரு நட்டையும் பிளாஸ்டிக் பையில போட்டுப் பேர் எழுதி வச்சிருந்தான். ஒவ்வொரு வயரையும் கழட்டுறதுக்கு முன்னால படம் எடுத்து வச்சிருந்தான். ஆனா நாங்க கேட்ட முதல் கேள்விக்கு அவன்கிட்ட பதில் இல்ல: "கெரான்ல என்ன எஞ்சின் எண் இருக்கு? இந்த எஞ்சினுக்கு ஜேபிஜே அனுமதி கேட்டியா?"

எல்லாரும் இதைக் கவனிக்கணும். காடியோட கெரான்ல சேசி எண், எஞ்சின் எண், எஞ்சின் கொள்ளளவு மூணும் இருக்கும். எஞ்சினை மாத்தினா ஜேபிஜேகிட்ட அனுமதி வாங்கி, பரிசோதனை மையத்துல காட்டி, கெரான்ல புது எண்ணைப் பதியணும். எல்லா எஞ்சினுக்கும் அனுமதி கிடைச்சிடாது. அதனால காசு கொடுக்குறதுக்கு முன்னாலயே ஜேபிஜே அலுவலகத்துல போய்க் கேக்கணும். எஞ்சின் வாங்கின ரசீது, அது முறைப்படி இறக்குமதியாச்சுன்னு காட்டுற சுங்கப் பத்திரத்தோட நகல், ரெண்டையும் கடையில அன்னைக்கே கேட்டு வாங்கணும். கொடுக்க மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க.

ரோட் டாக்ஸும் மாறும். தீபகற்பத்துல தனியார் 1.5 லிட்டர் காடிக்கு வருஷத்துக்கு 90 வெள்ளி. 1,834 சிசி உள்ள 4ஜி93-க்குச் சுமார் 297 வெள்ளி. இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கத்தான் சில பசங்க பதியாம விட்டுடுறாங்க. ஆனா இன்சூரன்ஸ் அந்தக் கெரான்ல இருக்குற எஞ்சினை நம்பித்தான் எழுதியிருக்கு. விபத்துன்னு வந்து, உள்ள வேற எஞ்சின் இருக்குன்னு தெரிஞ்சா, இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது அந்த 207 வெள்ளி மிச்சம் யாருக்கு உதவும்?

சேசி எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது. வெட்டவும் கூடாது, வேற காடியில ஒட்டவும் கூடாது. கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் வர்ணம் மாறும், தரை மாறும், விளக்கு மாறும். மூலவர் மாற மாட்டார். காடிக்கு மூலவர் சேசி எண்.

வரிசை ரெண்டு: பிரேக்

பசங்க எல்லாரும் எஞ்சினைத்தான் முதல்ல ஏத்தணும்னு துடிப்பாங்க. நாங்க சொல்றது நேர் எதிர். முதல்ல பிரேக், அப்புறம் டயர், அப்புறம் சஸ்பென்ஷன், அதுக்கப்புறம்தான் எஞ்சின்.

கணக்கு எளிது. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு ஆகும். 80-ல போற காடி 160-ல போனா, அதே பிரேக் நாலு பங்கு சூட்டைத் தாங்கணும். சாதா வீராவுல முன்னால சின்ன டிஸ்க், பின்னால டிரம். அது 90 குதிரைக்கு அளந்து வச்ச பிரேக். 195 குதிரையை அதுகிட்ட ஒப்படைக்கக் கூடாது. கெந்திங் மலையில இருந்து ஒரு தடவை இறங்கினாத் தெரிஞ்சிடும், பெடல் கால்ல எப்படி மெத்துமெத்துன்னு ஆகுதுன்னு.

நல்ல வேளையா ஹாஃப்கட்லயே முன்பக்கப் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் சேர்ந்து வருது. அதை வித்துக் காசாக்கிட்டு எஞ்சினை மட்டும் ஏத்துற பசங்களைப் பார்த்திருக்கோம். அதைச் செய்யாதீங்க. பின் பிரேக்கையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. மாஸ்டர் பம்ப், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசாப் போடுங்க. பழைய ஜப்பான் ரப்பரை நம்பாதீங்க.

பிரேக் எண்ணெய் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 எண்ணெய் 230 டிகிரிக்குக் குறையாமத்தான் கொதிக்கும். ஈரம் ஏறினா அந்த அளவு 155 டிகிரி வரைக்கும் இறங்கிடும். நம்ம ஊர் ஈரப்பதத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுறது நல்லது. டயர்ல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பூ நல்லா இருக்குன்னு பழைய டயரைப் போடாதீங்க.

ஆயுத பூசைக்குக் காடிக்கு விபூதி குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ரொம்ப நல்லது. ஆனா எலுமிச்சம்பழம் பிரேக் பேட் வேலையைச் செய்யாது. அம்மன் நமக்குக் கையும் புத்தியும் கொடுத்திருக்கா, அதையும் பயன்படுத்தணும்.

வரிசை மூணு: துரு, தண்ணி, எண்ணெய்

முப்பது வருஷக் காடியில துரு இல்லாம இருக்காது. ஜாக் வைக்கிற ஓரம், கால் மிதிக்கிற தரை, பூட் உள்பக்கம், எல்லாத்தையும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. பலமான எஞ்சின் பலமில்லாத உடம்பை முறுக்கும். ஓட்டை இருந்தா வெட்டி, நல்ல தகடு வச்சு வெல்டிங் பண்ணுங்க. பிளாஸ்டர் பூசி மறைக்கிறது அடுத்தவனை ஏமாத்துறது இல்ல, நம்மளையே ஏமாத்திக்கிறது.

அப்புறம் எஞ்சினை ஏத்துறதுக்கு முன்னாலயே டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணி பம்ப், எண்ணெய் சீல், எல்லாத்தையும் புதுசாப் போடணும். 4ஜி63-ல ஆட்டத்தைக் குறைக்க ஒரு தனித் தண்டுக்குச் சின்ன பெல்ட் ஒண்ணு உண்டு. அதை மறந்தா, அது அறுந்து பெரிய பெல்ட்டுல சிக்கி எஞ்சினையே முடிச்சிடும். வெளிய கிடக்கும்போது இந்த வேலை அரை நாள். உள்ள ஏத்தினப்புறம் ரெண்டு நாள்.

கம்ப்ரஷன் பரிசோதனை பண்ணாம எஞ்சின் வாங்காதீங்க. நாலு சிலிண்டர் எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் ரொம்பக் குறைஞ்சா அந்த எஞ்சின் வேண்டாம். டர்போவோட தண்டைக் கையால ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல ஒரு மயிரிழை ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக்கூடாது. இன்டர்கூலர் குழாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. எண்ணெய் சொட்டினா யோசிங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. தொண்ணூறுகள்ல வந்த மிட்சுபிஷி எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர் வயசாகி ஒழுகும். ஒழுகின திரவம் பலகையை அரிச்சிடும். காடி இழுக்கும், நிக்கும், காரணமே தெரியாது. பெட்டியைத் திறந்து பாருங்க, மீன் நாத்தம் அடிச்சா அதுதான். சின்னச் சாமான், சில வெள்ளிதான். எலக்ட்ரானிக் வேலை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்தா மாத்திக் கொடுத்துடுவார். இதுக்காக ஒரு முழு எஞ்சினைக் குறை சொல்லி வித்தவங்க இருக்காங்க.

வரிசை நாலு: அப்புறம்தான் பூஸ்ட்

இவ்வளவும் முடிஞ்சப்புறம் டர்போவைக் கம்பெனி வச்ச அளவுலயே ஓட்டுங்க. பூஸ்ட்டைக் கூட்டுறதுக்கு முன்னால பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், அளவு காட்டுற மீட்டர், எல்லாம் வேணும். இந்த எஞ்சின்ங்க ஜப்பானோட உயர்தரப் பெட்ரோலுக்குச் செஞ்சது. அதனால ரோன் 97 ஊத்துங்க. எண்ணெய் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. நெடுஞ்சாலையில வேகமா ஓட்டிட்டு வந்து உடனே சாவியைத் திருப்பாதீங்க. ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. இல்லன்னா சூட்டுல எண்ணெய் கருகி டர்போக்குள்ள கரியாப் பிடிச்சுக்கும்.

அந்தப் பையன் கதை

அந்த அம்மாவோட மகன் இதெல்லாம் கேட்டான், ஆனா பத்திர வேலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தான். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11-ல வந்துச்சு. அதுக்கு முன்னால எஞ்சினை ஏத்தி ஓட்ட ஆரம்பிச்சிட்டான். பிரேக் எல்லாம் நாங்க சொன்ன மாதிரியே மாத்திட்டான், நாங்களே ஓட்டிப் பார்த்தோம், நல்ல வேலை. ஆனா கெரான்ல பழைய எஞ்சின்தான்.

தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்துல இருந்து ரதம் புறப்பட்டு ஜாலான் ஈப்போ வழியா பத்துமலைக்குப் போகும். அந்த ராத்திரி முழுக்க நம்ம தொண்டர்ங்க ஐஸ், தண்ணிப் பெட்டி, பாத்திரம், சில நேரம் வயசானவங்களையும் ஏத்திக்கிட்டு ஓடுவாங்க. நாங்க கூடிப் பேசி ஒரு விதி வச்சோம்: கெரான்ல பதியாத எஞ்சின் உள்ள காடியில கோயில் சாமானும் ஏறாது, பக்தர்களும் ஏற மாட்டாங்க. யார் காடியா இருந்தாலும் சரி.

அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. "நாலு வருஷமா என் காடியிலதானே எல்லாத்தையும் ஏத்துனீங்க. இப்ப பலமா இருக்கும்போது வேணாமா?"ன்னு கேட்டுட்டுப் போனவன், அந்தத் தைப்பூசத்துக்கு வரவே இல்ல. தண்ணீர்ப் பந்தல்ல அவன் இடம் காலியா இருந்துச்சு. அவங்கம்மா மட்டும் வந்து நின்னாங்க, எங்ககிட்ட ஒண்ணும் பேசல. எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. விதியை ஒரு ராத்திரிக்குத் தளர்த்தியிருக்கலாமேன்னு சில தொண்டர்ங்களே கேட்டாங்க. தளர்த்தல. அந்த ராத்திரி ஏறப்போறது யாரோ ஒருத்தரோட அம்மா, யாரோ ஒருத்தரோட குழந்தை. ஏதாச்சும் நடந்தா "தெரிஞ்சேதான் ஏத்தினோம்"னு அவங்க குடும்பத்துக்கு முன்னால நாங்க எப்படி நிக்கிறது?

நாலஞ்சு மாசம் அவன் கோயில் பக்கம் வரல. நாங்களும் துரத்தல. ஆனா எங்கள்ல பெரியவர் ஒருத்தர் மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை அவன் வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வருவார். காடியைப் பத்திப் பேசுவார், விதியைப் பத்திப் பேச மாட்டார். ஒரு நாள் அவனே கேட்டிருக்கான், "அங்கிள், ஜேபிஜேக்குப் போனா என்னென்ன கொண்டு போகணும்?"

எஞ்சின் வாங்கின கடைக்கு நாலு தடவை அலைஞ்சு பத்திர நகல் வாங்கினான். முதல் பரிசோதனையில புகைக்குழாய் சத்தத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் திருப்பி அனுப்பினாங்க. சத்தக் குழாயைக் கழட்டிட்டு அமைதியான குழாய் போட்டான். ரெண்டாவது தடவை தேறிட்டான். புது எஞ்சின் எண் பதிஞ்ச கெரானைக் கொண்டுவந்து, எங்ககிட்ட காட்டுறதுக்கு முன்னால, அம்மன் சன்னதியில வச்சுக் கும்பிட்டான்.

2026 தைப்பூசம் பிப்ரவரி 1-ல. அந்த ராத்திரி ஐஸ் பெட்டி ஏறின முதல் காடி அதுதான். முன் சீட்டுல அவங்கம்மா உட்கார்ந்திருந்தாங்க. "சத்தமே இல்லையே தம்பி, நிஜமாவே டர்போதானா?"ன்னு எங்ககிட்ட கேட்டாங்க. இப்ப அவன் மத்த மூணு பசங்களுக்கு வயரிங் வேலை சொல்லித் தர்றான். பட்டறை ஒண்ணுல வார இறுதி வேலையும் கிடைச்சிருக்கு.

பெற்றோருக்கும் பெரியவங்களுக்கும்

கோயில் திருப்பணிக்கு நாம ஜீர்ணோத்தாரணம்னு சொல்றோம். பழசாப் போனதை இடிச்சுத் தள்ளாம, தாங்குறதைத் தாங்க வச்சு, சிதைஞ்சதை மாத்தி, முறைப்படி மறுபடியும் நிறுத்துறது. அதுக்கு முன்னால பாலாலயம் பண்ணி, மூலவரோட சக்தியைப் பத்திரப்படுத்திட்டுத்தான் உளியைத் தொடுவாங்க. வரிசை மாறினா அது திருப்பணி இல்ல, இடிபாடு. பழைய காடியும் அப்படித்தான். அதனால "இதெல்லாம் குப்பை, வித்துத் தொலை"ன்னு பையனைத் திட்டாதீங்க. கையால ஒரு பொருளைச் சரிபண்ணத் தெரிஞ்ச பையன் பட்டினி கிடக்க மாட்டான். ஆனா கேள்வி கேளுங்க. "கெரான் எங்க? பிரேக் மாத்தினியா? இன்சூரன்ஸுக்குச் சொன்னியா?" இந்த மூணு கேள்விக்கு எஞ்சினைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

காசு கொடுக்குறதா இருந்தா பிரேக்குக்கும் டயருக்கும் கொடுங்க. டர்போவுக்கு அவனே சம்பாதிச்சு வாங்கட்டும்.

பசங்களுக்கு

தம்பிங்களா, இது உங்களுக்கு.

ஜாக் மேல மட்டும் காடியை நிறுத்திட்டு அடியில படுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு, காடியைக் கையால ஆட்டிப் பார்த்துட்டுத்தான் உள்ள போகணும். பெட்ரோல் குழாய் கழட்டும்போது பேட்டரியைக் கழட்டிடுங்க, தீயணைப்பான் ஒண்ணு கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். தனியா ராத்திரி வேலை செய்யாதீங்க.

கழிவு எண்ணெயை லொங்காங்ல ஊத்தாதீங்க. அது ஆத்துக்குத்தான் போகும். நம்ம மஸ்ஜித் இந்தியாவை ஒட்டி ஓடுற கிள்ளான் ஆறும் அதுல ஒண்ணு. டப்பாவுல பிடிச்சு, கழிவெண்ணெய் சேகரிக்கிற பட்டறையில கொடுங்க.

பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கும், ராத்திரி வேலை முடிச்சுத் தூங்குறவங்க இருப்பாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எஞ்சினைக் கத்த விடாதீங்க. கோயில் லோரோங்ல பூசை நேரத்துல பூஸ்ட் விடுற சத்தம் கேட்டா, நாங்க வந்து சாவியைக் கேப்போம். ரோட்டுல பந்தயம் ஓட்டுறவனுக்குத் தொண்டர் சட்டை கிடையாது. இதுல பேச்சே இல்ல.

நாங்க செய்யப் போறது

ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்சப்புறம், எங்கள்ல பட்டறை அனுபவம் உள்ளவங்க பசங்களோட உட்காரப் போறோம். காடி வேலை அங்க நடக்காது, பேச்சு மட்டும்தான். ஹாஃப்கட் வாங்கணும்னு நினைக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னால வாங்க. ஏற்கெனவே வாங்கிட்டவங்க கெரானோட நகலைக் கொண்டு வாங்க. ஜேபிஜேக்கு எழுதுற கடிதத்துக்கு உதவி வேணும்னா செய்யுறோம். பொண்ணுங்களும் வரலாம், கஞ்சில் வச்சிருக்குற ரெண்டு தங்கச்சிங்க ஏற்கெனவே பேர் கொடுத்திருக்காங்க. பிள்ளைங்க என்ன செய்யுறாங்கன்னு பார்க்க விரும்புற பெற்றோரும் வாங்க.

கோயில் வாகனங்களுக்கு வச்ச அந்த விதி இந்த வருஷமும் அப்படியேதான் இருக்கும். ஆடித் திருவிழாவுக்குக் காடி கொடுக்க விரும்புற தொண்டர்ங்க கெரான், ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் மூணையும் முன்கூட்டியே அலுவலகத்துல காட்டிடுங்க.

பழைய காடி வச்சிருக்குற ஒரு பையனுக்காவது இதை அனுப்பி வைங்க. அம்மன் அருளால் எல்லாப் பிள்ளைங்களும் பத்திரமா வீடு வந்து சேரணும்.

ஓம் சக்தி. பராசக்தி.